கூண்டில் ஏறினால் ஆமா ஐயா

என் வீட்டுக்காரர் தம் வாழ்நாளில் ஒருவரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனக்குறைகூட உண்டு. நான் வாய் ஓயாமல் பேசினால் அவர் ஒரு "ம்" போடுவார். இன்னும் பேசினால் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், அதுவும் பக்கத்து வீட்டு மாட்டுக்கு. சண்டை போடக்கூட லாயக்கில்லாத மனுசன் என்று நானே என் அண்ணனிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அப்படிப்பட்டவர் குற்றாலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு போவோர் வருவோரை ஆபாசமாகத் திட்டிக் கூச்சல் போட்டார் என்று தென்காசி கோர்ட்டில் வருஷம் தவறாமல் தண்டிக்கப்பட்டார்.

கேட்டால் சிரிப்பு வரும். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புத்தான் இன்றைக்கும் என்னைப் போட்டு அறுக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. எனக்குப் பிறந்த ஊர் கீழப்பாவூர். அவர் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜில் வெந்நீர் போடும் வேலையில் இருந்தார். அருவியில் குளித்து வருகிறவர்களுக்கு எதற்கு வெந்நீர் என்று கேட்காதீர்கள். மெட்ராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிறவர்கள் அருவியில் ஒரு மணி நேரம் நடுங்கிவிட்டு, அறைக்கு வந்ததும் முதலில் வெந்நீரைத்தான் கேட்பார்கள். கொல்லையில் பெரிய அண்டா வைத்து விறகு எரித்து, வாளி வாளியாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி வைக்க வேண்டும். சாரல் பெய்கிற மாதங்களில் அவர் சட்டையெல்லாம் புகை நாற்றம். நான் வீட்டில் பீடி சுற்றினேன். ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் புகையில்தான் பிழைப்பு.

சீசன் தொடங்கியதும் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா சைக்கிளில் லாட்ஜுக்கு வருவார். முதலாளி டீ வாங்கிக் கொடுப்பார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த மாசம் ஒரு ஆளு குடுங்க" என்பார். காய்கறிக்கடையில் ஒரு கத்தரிக்காய் கூடக் கேட்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார். ஸ்டேஷனுக்குப் பெட்டிக் கேஸ், அதாவது அபராதத்தோடு முடிகிற சில்லறைக் கேஸ், வேண்டும். மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். அருவிக்கரையில் நிஜமாகவே ரகளை பண்ணுகிறவர்களைப் பிடிக்கப் போனால், பிடிபட்டவன் யாரோ ஒரு பெரிய மனிதரின் மைத்துனனாக இருப்பான். போன் வரும். அந்த வம்பெல்லாம் எதற்கு? கடைக்கு ஒருவர், லாட்ஜுக்கு ஒருவர் என்று நல்லபடியாக நாலு ஆட்களைத் தென்காசிக்குக் கூட்டிப்போனால் காரியம் முடிந்தது. ஆள் கூண்டில் ஏறி "ஆமா ஐயா" என்று சொல்லுவான். அபராதத்தை முதலாளி கட்டுவார். முதலாளியை வேறு எதற்கும் ஸ்டேஷன்காரர்கள் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

எங்கள் லாட்ஜில் அந்த ஆள் என் வீட்டுக்காரர்தான். மற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லுவார்கள். இவருக்குச் சாக்குச் சொல்லவும் வராது.

முதல் தடவை வந்து சொன்னபோது பீடித்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கோர்ட்டா, கூண்டா என்று கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ஒண்ணுமில்லட்டி. மத்தியானம் வந்துரலாமாம். முதலாளி அன்னைக்கு முழுக்க லீவு குடுத்துட்டாரு" என்றார்.

லீவு என்ற சொல் காதில் விழுந்ததும் என் கத்தல் நின்றுவிட்டது. உள்ளதைச் சொல்வதற்கென்ன. சீசனில் அவருக்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. எல்லாரும் எங்கெங்கோ இருந்து குற்றாலத்துக்கு வருகிறார்கள், குற்றாலத்திலேயே இருக்கிற நான் புருஷனோடு வெளியே போய் மாசக்கணக்காகிறது. "அப்ப நானும் வாரேன்" என்றேன்.

அதிலிருந்து அது எங்களுக்கு வருஷத்துக்கொரு திருவிழா ஆகிவிட்டது. பெட்டிக் கேசுக்குத் தேதி சொன்னதும் நான் என் நல்ல புடவையைத் துவைத்துப் போடுவேன். காலையில் பஸ் ஏறித் தென்காசிக்குப் போவோம். அவர் ஏட்டையாவோடு கோர்ட்டுக்குள் போவார். நான் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கோர்ட் சேவகரான டவாலி பெயரைக் கூப்பிடுவார். இவர் ஏறுவார். மேஜிஸ்திரேட் தலையைத் தூக்காமலே ஏதோ கேட்பார். இவர் "ஆமா ஐயா" என்பார். இறங்குவார். அடுத்த ஆள். அரிசியில் கல் பொறுக்குகிற நேரம்கூட ஆகாது. பிறகு பெரிய கோயில், அப்புறம் மத்தியான ஆட்டம் சினிமா, திரும்பும்போது எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர். தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அன்றன்றைக்குப் போட்ட மிக்சர். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே சாரலைப் பார்த்துக்கொண்டு அதைத் தின்றுகொண்டு வருவேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

முதல் வருஷம் அவருக்கு ஐயா முன்னால் நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார். "வாயைத் தொறந்து சொல்லுலே" என்று ஏட்டையா விலாவில் குத்தியிருக்கிறார். அதனால் அடுத்த வருஷம் நான் வீட்டிலேயே அவருக்குப் பாடம் எடுத்தேன். பீடித்தட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கறுப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்காருவேன்.

"நீர் பஸ் ஸ்டாண்டுல நின்னு பொம்பளையளை அசிங்கமாப் பேசினீரா?"

"ஆமா ஐயா."

"என்ன பேசினீரு? சொல்லும் பாப்போம்."

அவருக்கு முகமெல்லாம் சிவந்துபோகும். "அதெல்லாம் கேக்க மாட்டாகட்டி" என்பார்.

"ஒரு கெட்ட வார்த்தை தெரியாது, நீரெல்லாம் ஒரு ரவுடியா?" என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவரும் சிரிப்பார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, கடைசியில் நான் "நீர்" என்று ஆரம்பிக்கும் முன்பே "ஆமா ஐயா" என்று சொல்கிற அளவுக்குத் தேற்றிவிட்டேன்.

இப்படியே சில வருஷங்கள் போயின. எனக்கு இரண்டு தடவை கர்ப்பம் தங்காமல் போயிற்று. அதனால் ஒரு வருஷம் மட்டும் நான் கூடப் போகவில்லை. அவர் தனியாகப் போய் ஆமா சொல்லிவிட்டு மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து மாடி அறையில் தங்கியிருந்தது. அருவிக்குப் போகும்போது அந்த அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் இல்லை. அறைக்குள் வெந்நீர் வாளி இருந்தது. வாளி தானாக நடந்து வராதே. போலீஸ் வந்தது. கொல்லையில் தேடினார்கள். அண்டாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த விறகுக்குள் சங்கிலி கிடைத்தது.

அதை அங்கே யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லாட்ஜில் வேலை செய்த அத்தனை பேரும் அந்தக் கொல்லை வழியாகத்தான் போய் வருவார்கள். சந்தேகப்படுவதாக இருந்தால் எல்லார் மேலும் படலாம். ஆனால் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. யார் மேலும் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் பேர்ல வருஷா வருஷம் கேஸ் இருக்கே. சரியான பழைய புள்ளிதான்" என்றாராம். பக்கத்திலேயே நம்ம ஏட்டையா நின்றிருக்கிறார். அந்தக் கேஸ்களையெல்லாம் எழுதியவரே அவர்தான். வாயில் கொழுக்கட்டை அடைத்தது மாதிரி நின்றாராம். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போதுகூட ஏட்டையா மேல் கோபப்படவில்லை. "அவரு என்ன செய்வாரு, பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் அண்ணன் கீழப்பாவூரிலிருந்து வந்து ஜாமீன் கொடுத்து அவரை வெளியே எடுத்தான். லாட்ஜில் வேலை போயிற்று. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். அந்தச் சமயத்தில்தான் எனக்கு மறுபடியும் தங்கியது. இந்தத் தடவை தங்கி நின்றது.

தென்காசியில் அண்ணன் பார்த்து வைத்த வக்கீல் நிதானமான மனிதர். எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி விவரம் சொன்னார். போலீஸ் எழுதிக் கொடுத்த தாள்களின் நகலை முதலில் நமக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் குற்றச்சாட்டு வனைவார்கள், அதாவது சார்ஜ் பிரேம் பண்ணுவார்கள். அன்றைக்கு மேஜிஸ்திரேட், நீர் இன்ன இடத்தில் இன்னதைச் செய்தீர், அது இன்ன குற்றம் என்று எழுதி வாசித்துக் காட்டுவார். காட்டிவிட்டுக் கேட்பார்.

"அன்னைக்கு நீங்க சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. இல்லை. அது போதும். விறகு கிடந்தது பொது இடம், யாரும் வைக்கலாம். மதுரைக்காரங்க சாட்சி சொல்ல வந்தாத்தான் உண்டு. நான் பாத்துக்கிடுதேன். ஆனா அந்த ஒரு வார்த்தைய நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

"பெட்டிக் கேஸ் மாதிரி இல்லையா ஐயா?" என்று இவர் கேட்டார்.

"பெட்டிக் கேஸ்ல ஆமான்னா அபராதம். இதுல ஆமான்னா ஜெயில்" என்றார் வக்கீல்.

மறுபடியும் நான் கறுப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வயிறு இடித்தது.

"நீர் சங்கிலியைத் திருடினீரா?"

"இல்லை ஐயா."

"இன்னொரு தடவ."

"இல்லை ஐயா."

நன்றாகத்தான் சொன்னார். சோறு போடும்போது கேட்பேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பேன். இல்லை ஐயா. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் இந்தப் பாடத்தில் ஒரு தடவைகூட அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வாய்தாவுக்கு மேல் வாய்தா. நகலில் ஒரு தாள் குறைகிறது என்று ஒரு வாய்தா, மேஜிஸ்திரேட் லீவு என்று ஒரு வாய்தா. ஒவ்வொரு தடவையும் அவருக்கு மார்க்கெட் கூலி போகும். ஒவ்வொரு தடவையும் டவாலி அவர் பெயரைக் கூப்பிடுவார், எதிரி ஆஜர் என்று பதிவார்கள். கோர்ட் பாஷையில் அவர் எதிரி. யாருக்கு எதிரி என்று நான் வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அப்படித்தான் எழுதுவார்கள் என்றார். எனக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிப்போய்ச் செருப்பு நுழையவில்லை. இருந்தாலும் ஒரு வாய்தாவையும் நான் விடவில்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்த மனுசன் எதையாவது சொல்லி வைப்பார் என்று பயம்.

கடைசியில் குற்றச்சாட்டு வனைகிற நாள் வந்தது. அதுவும் அடுத்த வருஷத்துச் சீசன் நாள். வராந்தா முழுக்க ஈரக் குடை. முதலில் பெட்டிக் கேஸ்களை எடுத்தார்கள். குற்றாலத்திலிருந்து ஒரு வரிசை நின்றது. கூட்டி வந்தவர் ஏட்டையா. எனக்குத் தெரிந்த முகங்கள்தான். ஒரு டீக்கடை ஆள், எண்ணெய் தேய்க்கிறவர், இன்னும் யார் யாரோ. ஒருவர் ஏறுவார். "ஆமா ஐயா." இறங்குவார். அடுத்தவர் ஏறுவார். "ஆமா ஐயா." அடுத்தவர். "ஆமா ஐயா." ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது ஒரு தாளம் மாதிரி காதில் ஏறியது. இவர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன். பார்த்த அந்தக் கணத்திலேயே உள்ளே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்க வேண்டும்.

கடைசி ஆள் இறங்கினார். அதே வீச்சில் டவாலி இவர் பெயரைக் கூப்பிட்டார். இவர் ஏறினார்.

அந்த மேஜிஸ்திரேட்டைக் குறை சொல்ல மாட்டேன். தலையைத் தூக்கி இவரை நேராகப் பார்த்துத்தான் வாசித்தார். நீர் இன்ன மாதம் இன்ன தேதியில், குற்றாலத்தில் உள்ள விடுதியின் மாடி அறையில், இன்னாருக்குச் சொந்தமான தங்கச் சங்கிலியைத் திருடியிருக்கிறீர், அது இந்திய தண்டனைச் சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கோர்ட்டே அமைதியாக இருந்தது. பெட்டிக் கேஸ் மாதிரி அன்றைக்கு எதுவும் சுருக்கமாக இல்லை, இவருடைய பதிலைத் தவிர.

"குற்றச்சாட்டு புரிந்ததா? குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"ஆமா ஐயா."

வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, எதிரிக்குச் சரியாகப் புரியவில்லை" என்றார். மேஜிஸ்திரேட் கையமர்த்திவிட்டு இவரிடம் சாதாரணப் பேச்சில் சொன்னார். "இது அபராதக் கேஸ் இல்லை. ஒத்துக்கிட்டா நான் உம்மை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். யாரும் பயமுறுத்தினாங்களா? அவசரமில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடுறேன். யோசிச்சு வந்து சொல்லும்."

வராந்தாவில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டீங்களே என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். கட்டிக்கொண்டு போன புளிச்சோறு பிரிக்காமலே கிடந்தது. அவர் அந்தப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "கூண்டுல ஏறினா அந்த வார்த்தைதான் வருது" என்றார்.

"மத்தியானம் மாத்திச் சொல்லுங்க."

"எந்த வாயால சொல்லச் சொல்லுத? அதே எடத்துல நின்னு, செய்யாததையெல்லாம் செஞ்சேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். அதெல்லாம் பொய்தானே. இத்தன பொய்ய அந்த ஐயாட்ட சொல்லிட்டு, இப்ப அவரு மொகத்தப் பாத்து நான் யோக்கியன்னு சொல்லுததுக்கு எனக்குக் கூச்சமா இருக்குட்டி."

"அது வேற ஐயா, இது வேற ஐயா" என்றேன். மேஜிஸ்திரேட்டுகள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

"நாற்காலி அதுதானே" என்றார்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.  அந்த நேரத்தில் ஏட்டையா வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். என் வயிற்றைப் பார்த்தார். மெதுவாகப் பேசினார்.

"ஏலே, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. இல்லைன்னு சொன்னேன்னு வையி, சாட்சி, வாய்தான்னு இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும். ஒத்துக்கிட்டா ஐயா மனசு எரங்கிருவாக. கோர்ட் கலையுற வரைக்கும் ஒக்காரச் சொல்லி, அபராதம் போட்டு விட்டுருவாக. இன்னையோட தீந்துது. பிள்ள பொறக்குறதுக்குள்ள நிம்மதியா வீட்ல இருக்கலாம்." என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

நான் அவர் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்று என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இடுப்பு கடுகடுவென்று வலித்தது. கால் வீக்கம் முட்டிவரை ஏறியிருந்தது. இன்னும் ரெண்டு வருசம் என்ற சொல்லும் இன்னையோட தீந்துது என்ற சொல்லும் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜிஸ்திரேட் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். இவர் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். கேள்வியை இப்போது என்னிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தலையை இப்படி ஒரு தடவை ஆட்டினால் போதும். இல்லை என்று. நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"ஆமா ஐயா" என்ற குரல் கேட்டது.

அதை எழுதிக்கொண்டார்கள். தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேஜிஸ்திரேட் கேட்டார். இவர் இல்லை ஐயா என்றார். அத்தனை நாள் சோறு போடும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்லிக்கொடுத்த அந்த வார்த்தை அங்கே வந்துதான் வெளியே வந்தது. வக்கீல் எழுந்து, மனைவி மாசமாக இருக்கிறாள், கருணை காட்ட வேண்டும் என்றார். உடனே அரசு வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். இவர்மேல் ஏற்கெனவே இருந்த தண்டனைகள். ஆபாசமாகப் பேசியது, கூச்சல் போட்டது, பொதுமக்களுக்கு இடைஞ்சல் செய்தது. ஒவ்வொரு வருஷத்துத் திருவிழாவும் அந்தத் தாளில் வரிசையாக இருந்தது. மேஜிஸ்திரேட் அதை வாசித்துவிட்டு இவரை ஒரு தடவை பார்த்தார். ஆறு மாதம் என்றார்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏட்டையா போய்விட்டார்.

பாளையங்கோட்டை ஜெயிலில் அவர் இருக்கும்போது பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அண்ணன் போய்ச் சொன்னான். அவர் ஜெயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு ஒண்ணுமில்லையே" என்று மட்டும் கேட்டாராம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை பார்க்கப் போனேன். பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தார். என் மேல் ஒரு வருத்தமும் அவர் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நீ ஏன்டி அன்னைக்குத் தலைய ஆட்டல என்று அவர் ஒரு தடவை கேட்டிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். சாகும்வரை அவர் கேட்கவில்லை.

வெளியே வந்த பிறகு அவர் வீட்டில்கூடக் குற்றவாளியாகவே நடமாடினார். பால் பொங்கி வழிந்தால் "நாந்தான் பாக்கல" என்பார். அடுப்பங்கரையில் நான் இருந்திருப்பேன். பிள்ளை அழுதால் "நான் தொட்டுட்டேன் போல" என்பார். மார்க்கெட்டில் மூட்டை குறைந்தால் கணக்கப்பிள்ளை இவர் பக்கம் திரும்பும் முன்பே இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். நான் "நீங்க இல்லங்க, நீங்க இல்ல" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத வார்த்தையை வீட்டில் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அடுத்த சீசன் வந்தது. அப்போது குற்றாலம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. அந்தப் பையன் அருவிக்கரையில் துண்டு விற்றான். அவள் எப்போதும் கலகலவென்று இருப்பாள். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் சிரித்தால் என் பிள்ளை இந்தப்பக்கம் சிரிக்கும்.

ஒரு காலை நேரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஏட்டையா. காலை ஊன்றி நின்றார், இறங்கவில்லை.

"இந்த மாசம் ஒரு ஆளு கொறையுது. லாட்ஜ்ல புது ஆளு வரமாட்டேங்கான். ஒரு நாள்தான், மத்தியானம் வந்துரலாம்" என்றார். அதே பேச்சு. இந்த மனுசனுக்கு வெட்கமே இல்லையா என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, எனக்குப் பின்னால் இவர் எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுக்கிற சத்தம் கேட்டது.

நான் வாசலை மறித்து நின்றேன். பிள்ளை இடுப்பில் இருந்தது.

"இல்லை ஐயா. இவுக வரமாட்டாக."

சொல்லிவிட்டு இடி விழப் போகிறது என்று காத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார், மிரட்டுவார், ஏதாவது கேஸ் போடுவார், என்ன வந்தாலும் விடுவதில்லை என்று கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரிம்மா" என்றார் ஏட்டையா.

அவ்வளவுதான். சைக்கிளைக் காலால் உந்திக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். நான் கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதானா? முதல் வருஷமே இதைச் சொல்லியிருந்தால் சரிம்மா என்று போயிருப்பாரே. அன்றைக்கு நான் லீவு என்று கேட்டதும் என்ன புடவை கட்டலாம் என்றல்லவா யோசித்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். இவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் என்னட்டி செஞ்சேன்" என்றார்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் பக்கத்து வீட்டுக்காரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். அவள் புருஷன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "அக்கா, தென்காசிக்குப் போயிட்டு வாரோம். கோர்ட்டுல ஒரு சின்ன வேலையாம். அப்புறம் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காவ" என்றாள்.

சொல்ல வாயெடுத்தேன். அவளை நிறுத்திவிட்டால் ஏட்டையாவுக்கு மறுபடியும் ஒரு ஆள் குறையும். அவர் சைக்கிளை எந்த வாசலுக்குத் திருப்புவார் என்று எனக்குத் தெரியும். உள்ளே இவர் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

சாயங்காலம் அவள் சுவருக்கு மேலே எட்டி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். தென்காசி மிக்சர், அதே கடை. நான் வாங்கித் தின்றேன்.